நாளிதழா, மாதத் தொகுப்பா? மெயின்ஸ் விடைக்குள் நடப்பு நிகழ்வு வந்து சேரும் வழிகள்

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் எழுத்துக் கட்டமான மெயின்ஸில் ஜி.எஸ். (பொது அறிவு) முதல் மூன்று தாள்களின் கணக்கு தயாரிப்பில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 3 மணி நேரம், 20 கேள்விகள். பத்துக்குத் தலா 150 சொல், பத்துக்குத் தலா 250 சொல். ஆக மொத்தம் 4,000 சொல். ஒரு கேள்விக்குச் சராசரியாக 9 நிமிடம். படிக்க, யோசிக்க, எழுத, அடிக்கோடு போட என்று எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இதில் நடப்பு நிகழ்வுக்குக் கிடைக்கும் இடம் இரண்டு வரி. மிஞ்சினால் மூன்று.

அந்த மூன்று வரிக்காகத்தான் வருடம் முழுக்கத் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் உழைக்கிறோம். அதனால் "பேப்பர் படிக்கட்டுமா, மாதத் தொகுப்பு போதுமா?" என்று யாராவது கேட்டால், எதில் செய்தி அதிகம் என்று நான் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால், ஒரு மாதச் செய்திகளை ஒரே புத்தகத்தில் திரட்டித் தரும் மாதத் தொகுப்புதான் ஜெயிக்கும். தேர்வறையில் பேனா ஓடிக்கொண்டிருக்கும்போது, கேட்ட கேள்விக்குப் பொருந்துகிற அந்த இரண்டு வரி கைக்கு வருகிறதா என்றுதான் பார்க்கிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு மாதிரித் தேர்வு விடைத்தாள். பெண்களின் அரசியல் பங்கேற்பு பற்றிய கேள்வி. 2023-இல் நிறைவேறிய, பெண்களுக்கு இட ஒதுக்கீடு தரும் 106-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். மூன்றில் ஒரு பங்கு, மக்களவை, சட்டமன்றம், எல்லாம் சரியாகவே இருந்தன. திருத்தியவர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "அதனால்?" மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, அதன் அடிப்படையில் தொகுதி மறுவரையறை நடந்த பிறகுதான் அந்த ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. அப்படியானால் அதுவரை பெண்களுக்கு எத்தனை இடம் என்பதைக் கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியல்தான் முடிவு செய்கிறது. விடையில் வந்திருக்க வேண்டியது இந்த வாதம். நான் எழுதியது வெறும் செய்தி. அன்றிலிருந்து எந்தச் செய்தியைக் குறித்தாலும் அதன் பக்கத்தில் "அதனால்?" என்று போட்டு, பதிலையும் சேர்த்தே எழுதும் பழக்கம் வந்தது. கீழே சொல்லும் வழிகளையும் இதே உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்.

முதலில் நாளிதழ். இதில் பெரிய லாபம், ஒரு விவகாரம் வளர்வதைக் கூடவே இருந்து பார்க்கிறோம். முதல் நாள் செய்தி, மூன்றாம் நாள் எதிர்வாதம், ஒரு வாரம் கழித்துத் தலையங்கம், ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு. இப்படிப் பார்த்த விஷயம் மனப்பாடம் செய்யாமலேயே நிற்கும். இரு தரப்பு வாதமும் தெரிந்திருப்பதால் "விமர்சனப் பார்வையில் ஆராய்க" என்று கேட்டாலும் கை தயங்காது. நஷ்டம் நேரம். புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். எதைத் தாண்டிப் போகலாம் என்று தெரியாததுதான் காரணம். கட்சிகளின் அறிக்கைப் போர், குற்றச் செய்தி, விபத்து இவற்றைத் தாண்டிவிடலாம். தலையங்கப் பக்கம், நீதிமன்றச் செய்தி, பொருளாதாரப் பக்கம், ஒரு விளக்கக் கட்டுரை, இவ்வளவு போதும். இரண்டு மாதம் பழகினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அப்புறம் குறிப்பெடுக்கும் விதம். தேதிவாரியாக நோட்டுப் போட்டு எழுதுபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். எட்டு நோட்டு நிரம்பியிருக்கும், தேர்வுக்கு முன் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்க முடியாது. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு தனித்தாள் வையுங்கள். கூட்டாட்சியில் எழும் சிக்கல்களுக்கு ஒரு தாள், பேரிடர் மேலாண்மைக்கு ஒரு தாள், நீதித்துறைக்கு ஒரு தாள். செய்தி அந்தத் தாளில் போய் உட்கார வேண்டும். எந்தத் தாளிலும் இடம் இல்லையென்றால் அந்தச் செய்தி நமக்கு வேண்டாம்.

அடுத்தது மாதத் தொகுப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இது பெரிய துணை. நாம் தவறவிட்டதைப் பிடித்துக்கொடுக்கும், முதல் கட்டத் தேர்வான பிரிலிம்ஸுக்குக் கட்டாயம் உதவும். ஆனால் மெயின்ஸ் விடைக்கு இதை மட்டும் நம்பினால் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, ஆயிரக்கணக்கானவர்கள் படிப்பது அதே பக்கம். அதே எடுத்துக்காட்டு, அதே வரிசை, அதே முடிவுரை. கட்டுக்கட்டாகத் திருத்துபவர் கண்ணில் நம் விடை தனியாகத் தெரிவதற்கு வழியே இருக்காது. இரண்டாவது இதைவிடப் பெரியது. தொகுப்பு என்பது அந்த மாதத்தோடு உறைந்துபோன படம். விவகாரமோ நகர்ந்துகொண்டே இருக்கும்.

நம் மாநிலத்து வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு அரசு ஆளுநருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நிலுவையில் வைக்கப்பட்டிருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்றது. ஆளுநரும் குடியரசுத் தலைவரும் முடிவெடுக்கக் காலக்கெடுவும் விதித்தது. ஏப்ரல் மாதத் தொகுப்பைப் படித்தவர் இதைத்தான் மனதில் ஏற்றியிருப்பார். மே மாதம் குடியரசுத் தலைவர் அரசியலமைப்பின் 143-ஆவது பிரிவின்கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். ஆகஸ்டில் மெயின்ஸ் எழுதியவர் "இந்த விஷயம் இப்போது ஆலோசனைக்காக நீதிமன்றத்தின் முன் உள்ளது" என்று ஒரு வரி சேர்த்திருந்தால், விவகாரத்தைத் தொடர்ந்து பார்ப்பவர் என்பது தெரிந்திருக்கும். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைச் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்வது அரசியலமைப்புக்குப் பொருந்தாது. அதே சமயம், காரணமே சொல்லாமல் ஆளுநர் நீண்ட காலம் முடிவெடுக்காமல் இருந்தால், முடிவெடுக்கச் சொல்லும் அளவுக்கு நீதிமன்றம் தலையிடலாம் என்றும் சொன்னது. இனிமேல் எழுதும் விடையில் ஏப்ரல் தீர்ப்பை மட்டும் எழுதி நிறுத்தினால் அது அரைகுறைத் தகவல். இரண்டையும் சேர்த்து வைத்து, ஆளுநரின் ஒப்புதல் பற்றிய 200-ஆவது பிரிவில் "கூடிய விரைவில்" என்று இருப்பதற்கு எவ்வளவு வலு என்ற கேள்விக்குப் போனால் அது நல்ல விடை.

நாளிதழ் படிப்பவரின் கூட்டாட்சித் தாளில் இந்த மூன்று தேதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். தொகுப்பு படிப்பவருக்கு ஏப்ரல் புத்தகத்தில் ஒன்று, மே புத்தகத்தில் ஒன்று, நவம்பர் புத்தகத்தில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். தொகுப்பையே நம்பி இருப்பவர் குறைந்தபட்சம் இதையாவது செய்ய வேண்டும்: படித்த பக்கத்தை மூடிவைக்காமல், அதிலிருந்து இரண்டு வரியைத் தலைப்புவாரித் தாளுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி, அரசின் மூல ஆவணங்கள். பட்ஜெட்டுக்கு முன் வரும் பொருளாதார ஆய்வறிக்கை, பி.ஐ.பி. (மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம்) செய்திக் குறிப்புகள், நிதி ஆயோக் அறிக்கைகள், நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகள். எண்களுக்கு இவற்றைவிட நம்பகமான இடம் இல்லை. ஆனால் தினசரி உணவாக இவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. நீளம் அதிகம், நிலைக்குழு அறிக்கைகளைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் அரசின் பார்வையே இருக்கும். அவற்றில் திட்டத்தின் வெற்றிதான் இருக்கும், இடைவெளியை நாம்தான் தேட வேண்டும். நாளிதழில் ஓர் எண்ணைப் பார்த்தால் மூல ஆவணத்தில் சரிபார்க்க மட்டும் இங்கே போகலாம்.

யூடியூப், டெலிகிராம் தினத் தொகுப்புகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேருந்தில் போகும்போது கேட்கலாம். கேட்டது பழகிய விஷயம் போலத் தோன்றும், எழுத உட்கார்ந்தால் வராது. எழுதிப் பார்க்காத எதுவும் மெயின்ஸுக்கு உதவாது.

சரி, சேகரித்தாகிவிட்டது. விடையில் எங்கே வைப்பது? இதிலும் மூன்று வழிகள் உண்டு, பலர் யோசிக்காமலே முதல் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நிலச்சரிவுகள் அடிக்கடி நேர்வதற்கான காரணங்களையும் கொள்கைக் குறைபாடுகளையும் 250 சொல்லில் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, தொடக்கத்தில். "2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்." தவறில்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்க்கும் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் தொடங்குவார்கள். அதைவிட, இந்த வரி எழுதியாகிவிட்டால் வயநாட்டைப் பயன்படுத்தியாகிவிட்டது என்ற திருப்தி வந்துவிடுகிறது. அதற்கப்புறம் விடை முழுக்கப் பாடப்புத்தகம்தான்.

இரண்டாவது வழி, வாதத்தின் நடுவே சான்றாக. காரணங்களை எழுதி முடித்து, கொள்கைக் குறைபாட்டுக்கு வரும்போது இப்படி எழுதிப் பாருங்கள்: "மலையின் சூழலியலை ஆராய்ந்த காட்கில் குழு 2011-இல் அறிக்கை தந்தது. கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் பாதுகாக்க வேண்டிய பரப்பை மலைத்தொடரின் சுமார் 37 விழுக்காடாகக் குறைத்துப் பரிந்துரைத்தது. அந்தப் பரப்பை அறிவிக்க 2014-இல் வந்த முதல் வரைவு அறிவிக்கை இறுதியாகவில்லை. ஆறாவது வரைவு வெளியானது 2024 ஜூலை 31 அன்று, அதாவது வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாள்." இந்த நான்கு வரியில் உயிரிழந்தோர் எண்ணிக்கையே இல்லை. ஆனால் குறைபாடு எங்கே என்று ஆசிரியர் குரல் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. முதல் வழியிலும் இரண்டாவது வழியிலும் நிகழ்வு ஒன்றுதான். "அதனால்?" என்று கேட்டால் இரண்டாவதில் பதில் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவது வழி, முடிவில். தீர்வுகளைச் சொல்லும் இடத்தில் புதிதாக ஒரு முயற்சியைக் காட்டுவது. உதாரணத்துக்கு, 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததை, பேரிடர் என்பதன் வரையறை விரிவடைய வேண்டும் என்ற வாதத்துக்கு முடிவில் வைக்கலாம். இது நன்றாக அமையும். ஆனால் கடைசி நிமிட அவசரத்தில் எழுதுவதால் ஏதோ ஒரு திட்டத்தின் பெயரை ஒட்டிவிட்டு வருவதும் இங்கேதான் அதிகம் நடக்கிறது.

என்னைக் கேட்டால் நடுவில் வைப்பதே பழக்கமாக இருக்கட்டும். "சமீபத்திய நிகழ்வுகளின் பின்னணியில்" என்று கேள்வியே கேட்டிருந்தால் மட்டும் தொடக்கத்துக்குக் கொண்டு போகலாம்.

எண்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தை, அதாவது வேலையில் இருக்கும் அல்லது வேலை தேடும் பெண்களின் பங்கை எடுத்துக்கொள்வோம். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் இது 2017-18-இல் 23.3 விழுக்காடு, 2023-24-இல் 41.7 விழுக்காடு. பலர் இந்த இரண்டு எண்ணை எழுதி "பெரும் முன்னேற்றம்" என்று முடித்துவிடுவார்கள். அதே கணக்கெடுப்பில் 2023-24-இன் கிராமப்புற எண் 47.6, நகர்ப்புற எண் 28.0. ஏற்றத்தின் பெரும்பகுதி கிராமத்தில், அதிலும் சுயதொழிலிலும் சம்பளமில்லாத குடும்ப உழைப்பிலும் சேர்ந்திருக்கிறது. எனவே கேள்வி வேலைவாய்ப்பின் எண்ணிக்கை பற்றியா, தரம் பற்றியா என்பதைப் பொறுத்து அந்த எண் நமக்குச் சாதகமாகவும் பேசும், எதிராகவும் பேசும். ஐம்பது எண்களை மனப்பாடம் செய்வதைவிட, இப்படி உள்ளே திறந்து பார்த்த பதினைந்து எண்கள் கையில் இருந்தால் போதும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனிச் சிரமம் உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். மாதத் தொகுப்புகளில் தரமானவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் படித்ததைத் தேர்வறையில் உட்கார்ந்து தமிழாக்கினால் அந்த 9 நிமிடத்தில் இரண்டு நிமிடம் சொல் தேடுவதிலேயே போய்விடும். அதனால் தமிழில் எழுதுபவருக்கு நாளிதழும் சொந்தக் குறிப்பும் கட்டாயம் என்றே சொல்வேன். ஆங்கில நாளிதழைப் படித்தாலும் குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் நாளிதழின் தலையங்கம் ஒன்றைக் கூடவே படித்தால் சொற்கள் தானாகப் படியும். தொழில்நுட்பச் சொற்களுக்கு மட்டும், விருப்பப்பட்டால் ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுத ஆணையத்தின் விதியே இடம் தருகிறது. சந்தேகமான சொல்லுக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் வேண்டாம். மத்திய அரசின் யோஜனா இதழ் தமிழில் "திட்டம்" என்ற பெயரில் வருகிறது. கலைச்சொற்களுக்காகவே அதைப் புரட்டலாம்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 மெயின்ஸ் எழுதுபவர்களுக்கு என் விடை கொஞ்சம் மாறும். அங்கே தேசியத் தொகுப்புகள் பாதி வேலைக்குத்தான் உதவும். மாநில நிர்வாகம், மாநிலத் திட்டங்கள் பற்றிய விஷயம் அவற்றில் இருக்காது. பலரும் கவனிக்காமல் விடும் ஒரு களஞ்சியம், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. தமிழிலேயே கிடைக்கும், துறைவாரியாக எண்களோடு இருக்கும். சமூக நலம், பள்ளிக் கல்வி, வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மை, ஊரக வளர்ச்சி என நான்கைந்து துறைகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தாள் குறிப்பு எடுத்தால் போதும். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பற்றி எழுதும்போது "சிறப்பான திட்டம்" என்று பாராட்டுவதற்கும், எத்தனை பள்ளிகளுக்கு எப்படி விரிந்தது என்று துறைக் குறிப்பிலிருந்து காட்டுவதற்கும் உள்ள தூரம் மதிப்பெண்ணில் தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த சுமார் 95 செ.மீ. மழையைப் பேரிடர் விடையில் குறிப்பிடும்போதும் இதே மாதிரிதான். அணைகளின் நீர்த்திறப்பு, முன்னெச்சரிக்கை, தாமிரபரணிக் கரையோரக் குடியிருப்பு என்று எங்கே கொண்டு போகிறோம் என்பதை முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இனி யாருக்கு எது? முழுநேரமாகப் படிப்பவர், தேர்வுக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரே நாளிதழ், தலைப்புவாரித் தாள், மாதம் ஒருமுறை ஒரு தொகுப்பை வேகமாகப் புரட்டி விட்டுப்போனதைச் சேர்ப்பது. இரண்டாவது நாளிதழ் வேண்டாம், இரண்டாவது தொகுப்பு வேண்டவே வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். வாரநாட்களில் தலையங்கப் பக்கம் மட்டும், அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, மாதத் தொகுப்பின் கால்பகுதியைப் படித்துத் தாள்களில் ஏற்றுவது. அவருக்குத் தொகுப்புதான் முதன்மை மூலம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தாளில் ஏற்றும் வேலையை மட்டும் விடக் கூடாது.

பிரிலிம்ஸ் முடிந்து மெயின்ஸுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, இதுவரை குறிப்பே எடுக்கவில்லை என்பவர் பழைய நாளிதழ்களைத் தேடிப் போகாதீர்கள், அந்தக் கப்பல் போய்விட்டது. கடைசி ஒரு வருடத்தில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட இருபத்தைந்து விவகாரங்களை மட்டும் தொகுப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைத்தாள்: என்ன நடந்தது, இரு தரப்பும் என்ன சொல்கின்றன, கடைசி நிலவரம் என்ன தேதியில், அதனால் என்ன. கடைசி நிலவரத்தை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். மெயின்ஸுக்கு முந்தைய வாரம் இருபத்தைந்தையும் ஒருமுறை சரிபார்த்து, மாறியிருப்பதை அழித்துவிட்டுப் புதிய தேதியை எழுத ஒரு மாலைப்பொழுது போதும்.